எதிரே வரும் விளக்கும் எங்கள் சித்தியும்

சாயங்காலமானால் சூரியன் மறைவது பூமி சுற்றுவதால் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் போன வரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்கப்புறம் திருத்தினார்களா என்று தெரியாது, நான்தான் போகவில்லையே. உண்மை என்னவென்றால், எங்கள் சித்தி வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள் என்ற செய்தி மேலே போய்ச் சேர்ந்ததும் சூரியன் மரியாதையாக ஓரம் ஒதுங்கி வழிவிடுகிறது. நிலா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. லாரி ஓட்டுகிறவர்கள் அவளைப் பற்றிச் சொல்லித்தான் வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறார்கள். அவள் கியர் மாற்றிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, நாலு ஊர் தள்ளி இருக்கும் இரும்புப் பட்டறைக்காரர் ஒருவர், 'இனிமேல் நமக்கு இந்தத் தொழிலில் என்ன மரியாதை' என்று கடையைச் சாத்திவிட்டுப் போனாராம். உலகத்தில் இவளைப் போல் வண்டி ஓட்ட இதுவரை ஒருவரும் பிறக்கவில்லை. இனிமேல் பிறக்கப்போகிறவர்களும் இவள் ரோட்டில் இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் பிறப்பார்கள்.

இவ்வளவு பெரிய ஆளிடம் அப்போது இருந்தது வெறும் பழகுநர் உரிமம். வண்டியின் முன்னாலும் பின்னாலும் சிவப்பு எல் எழுத்து. மற்றவர்கள் அதை ஸ்டிக்கராக வாங்கி ஒட்டுவார்கள். சித்தி வெள்ளைத் துணியில் சிவப்புத் துணியை வெட்டி வைத்துத் தைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணிக் கட்டியிருந்தாள். இஸ்திரி போட்ட எல் போர்டு பூமியில் அது ஒன்றுதான்.

காரணம் இருக்கிறது. சித்தியும் சித்தப்பாவும் சலவை நிலையம் நடத்துகிறார்கள். வீட்டின் பின்பாதிதான் நிலையம். இரண்டு பெரிய துவைக்கும் மெஷின்கள். அதில் மூத்தது, கடைசிச் சுற்றில் வேகம் எடுக்கும்போது இருந்த இடத்தை விட்டு நடக்க ஆரம்பித்துவிடும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்த வீட்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் உத்தியோகம். அதற்கப்பால் ஆவி இஸ்திரி மேஜை, அதற்கப்பால் மடிக்கிற பலகை, அதற்கப்பால் பின்கதவு. கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளை வேன். தரை எப்போதும் ஈரம். என் அம்மா வெளியூரில் வேலை பார்க்கிறாள். தன் தங்கை வீட்டில் இருந்தால் நான் திருந்துவேன் என்று என்னை இங்கே விட்டுவிட்டுப் போனாள். அம்மாவுக்கு நம்பிக்கை அதிகம்.

சித்தி ஆள் குள்ளம். ஆனால் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிப்பாள். ஒரு ஓரத்தைத் தாடையில் கவ்வி, இரண்டு கையையும் விரித்து, ஒரு உதறல். விரிப்பு பயந்து தானாகவே மடிந்துகொள்ளும். அழுக்கு என்றால் அவளுக்கு ஆகாது. எதிர் வீட்டுக் கொடியில் காயும் சட்டையில் கறை இருந்தால்கூட அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வேனையும் அப்படித்தான் வைத்திருந்தாள். தினமும் காலையில் ஒரு தனித் துண்டு. அதைக் கடைசி அலசலில் ஊற்றுகிற வாசனைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, முன் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைப்பாள். வேனுக்குள் ஏறினால் புதுத் துணிக்கடை மாதிரி மணக்கும்.

நிலையத்துக்குச் சோறு போடுவது ஒரே ஒரு வாடிக்கை. ஊருக்கு வெளியே இருக்கும் ஆஸ்பத்திரி. அங்கே இருக்கிற அத்தனை கட்டிலின் விரிப்பும் தலையணை உறையும் இங்கேதான் வெளுக்கின்றன. பகலில் சித்தப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்கை ஏற்றிக்கொண்டு வருவார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் புது மேலாளர் வரும் வரைக்கும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நடுவே அழுக்கு மூட்டை போகக்கூடாது, அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் பார்வை நேரம் முடிந்து, இருட்டிய பிறகுதான் என்று அவர் சொல்லிவிட்டார். "முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் இருக்காங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த வேற ஆள் யார் என்று எங்களுக்குத் தெரியும். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய சலவைக் கம்பெனி.

இதில் சிக்கல் என்னவென்றால், சித்தப்பா இருட்டில் ஓட்டுவதை விட்டுவிட்டிருந்தார். எதிரில் வருகிற விளக்கெல்லாம் பூப் பூவாக விரிகிறது என்றார். ஒருநாள் சாயங்காலம் அப்படி விரிந்த பூ ஒன்றுக்கு வழிவிட்டு, எங்கள் வாசல் தூணையே போய் முட்டினார். கண் டாக்டரிடம் போகச் சொன்னால் மட்டும், "கண்ணுல கத்தி வைப்பாங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறடி உயரம், தனி ஆளாக ஈர மூட்டையைத் தூக்கித் தோளில் வைக்கிற மனிதர்.

"அப்ப நான் ஓட்டறேன்" என்றாள் சித்தி.

"நீயா?" என்றார் சித்தப்பா.

"நான்தான். பகல்ல கத்துக்கிட்டுதான இருக்கேன்?"

"பகல்லயே நீ கோழிக்கு ஹாரன் அடிச்சுட்டு, அது போகிற வரைக்கும் கீழ இறங்கி நிக்கிற."

"கோழியும் உசுருதானங்க."

இப்படியாகத்தான் ஓட்டுநர் பயிற்சி மாஸ்டர் இருட்டு வகுப்புக்கும் வர ஆரம்பித்தார். தொப்பையும் மீசையும் சேர்ந்த நல்ல மனிதர். எங்கள் வேனிலேயே பழக வேண்டும் என்பதால் அவர்தான் எங்களிடம் வருவார். வேனின் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். ஓட்டுகிற இடத்தில் ஒரு அடுக்கு பழைய விரிப்பின் மேல் சித்தி, ஓரத்தில் மாஸ்டர், நடுவில் நான். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். சித்தி எங்கெங்கே சொதப்புகிறாள் என்று ஒருவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

மாஸ்டர் கிளம்புவதற்கு முன்னால் பாடம் நடத்துவார். "அம்மா, பகல்ல கண்ணுக்கு எட்டுற ரோடு முழுக்க உங்களுது. ராத்திரியில விளக்கு எவ்வளவு தூரம் எட்டுதோ அவ்வளவு ரோடுதான் உங்களுது. அந்த வெளிச்சத்துக்குள்ள நிறுத்த முடியுற வேகத்துலதான் போகணும். எதிர்ல வண்டி வந்தா உங்க விளக்கைத் தாழ்த்துங்க. அவன் விளக்கை உத்துப் பார்க்காதீங்க, ஓரத்துல இருக்கிற வெள்ளைக் கோட்டைப் பாருங்க. கோடு எங்க போகுதோ நீங்களும் அங்க போங்க."

"கோடு இல்லாத இடத்துல?"

"அங்க இன்னும் மெதுவாப் போங்க."

"இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னாடிதான் போகணும் மாஸ்டர்" என்றேன் நான்.

"ஏய் வாலு, வாய மூடு" என்றாள் சித்தி. வாலு என்பது நான்தான். வேறு பெயரும் உண்டு, வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

குறை சொல்லக்கூடாது, பகலில் சித்தி நன்றாகவே பழகிவிட்டாள். கோழி விஷயத்தைத் தவிர. இருட்டில்தான் எல்லாம் கெட்டது. தெருவிளக்கு இருக்கும் வரைக்கும் சமாளிப்பாள். ஊர் முடிந்து ஆஸ்பத்திரி ரோடு ஆரம்பித்து எதிரில் முதல் விளக்கு வந்ததுமே அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். விளக்கு கிட்டே வர வர வண்டியின் வேகம் குறைந்துகொண்டே போகும். கடைசியில் ஓரத்தில் நின்றுவிடுவாள். எதிர் வண்டி போன பிறகு பெருமூச்சு. பிறகு கிளம்புவாள். மறுபடி ஒரு விளக்கு. மறுபடி நிற்பாள். ஒருமுறை எங்களைத் தாண்டிப் போன சைக்கிள்காரர் திரும்பி வந்து, "பெட்ரோல் தீர்ந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு ரோடே தெரியல மாஸ்டர். வெளிச்சம் அப்படியே விரிஞ்சு கண்ணாடி முழுக்க வெள்ளையா ஆயிடுது."

"பழகிடும்மா. கோட்டைப் பாருங்க."

"கோடும் சேர்ந்துதான் வெள்ளையா ஆகுது!"

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ராத்திரி ரோடு என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் ஓட்டுகிறேனா என்ன, சந்தேகப்பட?

அப்புறம் ஒருநாள் அது நடந்தது. எதிரில் பெரிய லாரி ஒன்று. சித்தி வழக்கம்போல் வேகத்தைக் குறைத்து, வெள்ளைக்குள்ளே தடவிக்கொண்டு போனாள். லாரி கடந்து, கண்ணாடியில் இருட்டு திரும்பி வந்தபோது, எங்கள் முன்னால், கையை நீட்டினால் தொடலாம் போல, ஒரு மனிதரின் முதுகு. கறுப்புச் சட்டை, தலையில் ஒரு கட்டு புல், சாவகாசமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். சித்தி பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புல் கட்டோடு இருட்டுக்குள் போய்விட்டார். தனக்கு என்ன நடக்கவிருந்தது என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

சித்தி சாவியைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்தாள். அன்றைக்கு வண்டியை மாஸ்டர்தான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார், முதல் கியரிலேயே.

வீட்டுக்கு வந்து சித்தி மடிக்கிற பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பலகையில் யாராவது உட்கார்ந்தால் தொலைத்துவிடுகிறவள்.

"நான் மெதுவா வந்ததால தப்பிச்சது. கொஞ்சம் வேகமா வந்திருந்தேன்னா, எந்த ஆஸ்பத்திரிக்கு விரிப்புக் கொண்டு போறேனோ, அந்தக் கட்டிலுக்கே ஒரு ஆள அனுப்பிவச்சிருப்பேன்" என்றாள்.

சித்தப்பா பக்கத்தில் வந்து நின்றார். "உனக்கும் பூப் பூவாத் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அதே பூதான். என் கண்ணு நோய் உனக்கும் தொத்திக்கிச்சு போல."

வேறு நேரமாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். கூட இருந்தால் கண் நோய் தொத்துமா என்று ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டுவிட்டு வந்திருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

"இந்த வாரம் டெஸ்ட் இருக்கு. பகல்லதான, அதுல பாஸாயிடுவேன். ஆனா ராத்திரி ஓட்டம் என்னால முடியாது. நாளைக்கு ஒரே ஒரு தடவை போய்ப் பார்க்கறேன். சரிவரலன்னா ஆஸ்பத்திரியில முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"சொல்லிட்டா?"

சித்தி மெஷின்களைப் பார்த்தாள். நடக்கிற மெஷினும் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் பகலில் அந்த வீட்டில் பேச்சே இல்லை. துணி வெளுக்கிற வீட்டில் பேச்சு இல்லாமல் போனால் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்க முடியாமல் நான் வேனுக்குள் போய் உட்கார்ந்தேன். மாஸ்டரின் இடத்தில் உட்கார்ந்து, ஈர விரலால் முன் கண்ணாடியின் உள்பக்கத்தில், அவர் பக்கமாக, அவரையே வரைந்தேன். முதலில் தொப்பை, அதற்கு மேல் மீசை, மீசைக்கு மேல் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். ஈரம் காய்ந்ததும் படம் மறைந்துவிட்டது. நல்ல படம் வீணாகிவிட்டதே என்று எனக்கு வருத்தம்.

சாயங்காலம் கிளம்பினோம். சித்தி கோவிலுக்குப் போகிற மாதிரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஏறினாள். மாஸ்டர் பெல்ட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். தெருவிளக்குகள் முடிந்தன. ரோடு இருண்டது. தூரத்தில் ஒரு விளக்கு கிளம்பி வந்தது. சித்தி தன் விளக்கைத் தாழ்த்தினாள். தோள் காதை நோக்கி ஏறியது.

வெளிச்சம் கண்ணாடியில் பட்டு வெள்ளையாக விரிந்தபோது, மாஸ்டர் பக்கத்தில், காற்றில் தொங்குகிற மாதிரி மாஸ்டர் தோன்றினார். தொப்பை, மீசை, ஒன்றும் விட்டுப்போகவில்லை. கோட்டுக்குக் கோடு ஜொலித்தது.

"அய்யோ!" என்றார் அசல் மாஸ்டர்.

சித்தி ஒரு ஓரப்பார்வை பார்த்தாள். சிக்னல் போட்டாள். மூடியிருந்த ஒரு டயர் கடை முன்னால், ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி வண்டியை நிறுத்தினாள். நாலு மூலை விளக்கையும் மினுக்கவிட்டாள். இறங்கி வந்து என் காதைத் திருகப்போகிறாள் என்று நான் சீட்டுக்குள் சுருங்கினேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மாஸ்டரின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் இன்னொரு கார் வந்தது. கண்ணாடி மறுபடி வெள்ளையாக விரிந்தது. சித்தி எட்டி, மீசைக்கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்தாள்.

"மாஸ்டர், இங்க வந்து பாருங்க. இந்தக் கோட்டு வழியாப் பார்த்தா விளக்கு விளக்காத் தெரியுது. சின்னதா, ரெண்டா, தனித்தனியா. கோட்டுக்கு வெளிய பார்த்தாதான் பூ."

மாஸ்டர் தன் மீசை வழியாகவே ரோட்டைப் பார்த்தார். "ஆமாம்மா!"

சித்தி கண்ணாடியை ஒற்றை விரலால் தடவினாள். அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சித்தி?"

"நம்ம வாசனைத் தண்ணி."

"அதுதான் தினம் துடைக்கிறியே."

"அதனாலதாண்டி. அது துணிக்குப் போடறது. துணி மேல மெழுகு மாதிரி படிஞ்சாத்தான் துணி மெத்துனு இருக்கும். அதைப் போய் நான் கண்ணாடிக்குத் தினம் பூசியிருக்கேன். பகல்ல ஒண்ணும் தெரியாது. ராத்திரி வெளிச்சம் பட்டா மொத்தமும் எரியும்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "துண்டு தண்ணி உறிஞ்சாமப் போச்சுன்னா எதனாலன்னு எனக்குத் தெரியும். கண்ணாடின்னா தெரியாமப் போச்சு பாரு."

ஊரில் உள்ள அத்தனை அழுக்கையும் கண்டுபிடிக்கிறவள், தன் கையாலேயே தினம் பூசிய அழுக்கைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதைச் சொல்லிக் காட்ட எனக்கு நாக்கு துடித்தது. காது இன்னும் திருகப்படாமல் இருப்பதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"ஆனா மாஸ்டர், நீங்க இவ்வளவு நாளா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க. உங்களுக்குமா தெரியல?" என்றாள் சித்தி.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "எதிர் வண்டி கிட்ட வரும்போது நான் கண்ண மூடிக்குவேம்மா."

"என்னது?"

"தொழில் பழக்கம்."

வீட்டுக்கு எப்படி வந்தோம் என்றால், சித்தியின் சேலைத் தலைப்பாலும் மாஸ்டரின் குடிதண்ணீராலும் ஓட்டுகிறவர் பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு வந்தோம். பின்கதவில் நிறுத்தியதும் சித்தி வினிகர் பாட்டிலோடு வந்தாள். உறிஞ்சாத துண்டுகளை அலசுவதற்காக வைத்திருப்பது. வெந்நீரில் கலந்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி, உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, மறுபடி உள்ளே. கண்ணாடி கீச்சுக் கீச்சென்று கத்துகிற வரைக்கும் தேய்த்தாள். மாஸ்டரின் படமும் அதோடு போனது. அசல் மாஸ்டருக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை.

தேய்க்கிற சத்தம் கேட்டு வந்த சித்தப்பா விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். "பாத்தியா! நான் அப்பவே சொன்னேன், என் கண்ணுல ஒண்ணுமே இல்லன்னு! எல்லாம் கண்ணாடி! ரெண்டு வருஷமா என்னைக் கண் டாக்டர்கிட்ட போ, கண் டாக்டர்கிட்ட போன்னு பிடுங்கினியே!"

"ஏறி உட்காருங்க" என்றாள் சித்தி.

ஏறினார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. எங்கள் சந்து நேராகப் போய் மெயின் ரோட்டில் முட்டும். அங்கிருந்து வெளிச்சம் திரும்பி உள்ளே வந்தது.

"என்ன வருது, சொல்லுங்க."

"இதுகூடத் தெரியாதா? கார் வருது. பெரிய கார்" என்றார் சித்தப்பா ஜம்மென்று.

அந்தப் பெரிய காரின் ஒரு பாதி இடது பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று ஸ்டாண்ட் போட்டது. இன்னொரு பாதி எங்களைத் தாண்டி, சித்தப்பாவுக்குக் கையசைத்துவிட்டுப் போனது. இரண்டு மோட்டார் சைக்கிள்.

சித்தப்பா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"கார் நல்லாத்தான் பிரிஞ்சு போச்சு சித்தப்பா" என்றேன்.

"நாளைக்குக் காலையில கண் டாக்டர்" என்றாள் சித்தி. சித்தப்பா இறங்கி உள்ளே போனார். போகும்போது வாசல்படியைக் காலால் தடவிக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். சித்தி முன்பே கவனித்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே அவள் மறுபடி ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போனாள். எதிரில் விளக்குகள் வந்தன. சின்னதாக, இரண்டிரண்டாக, தங்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக வந்துவிட்டு ஒழுங்காகப் போயின. வெள்ளைக் கோடு ரோட்டின் ஓரத்தில் நேராக ஓடியது, யாரோ இஸ்திரி போட்டு விரித்த மாதிரி. சித்தியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தோள் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. "இதுதானா ராத்திரி?" என்று அவள் ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணையும் திறந்தார்.

டெஸ்டில் பாஸானாள். பாஸாகும்போது ஒரு தப்பும் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன், பரிசோதகர் 'போதும், நிறுத்துங்க' என்றபோது, அவர் சொன்ன அந்த இடத்திலேயே, மைதானத்தின் நட்டநடுவில், சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, நாலு மூலை விளக்கையும் மினுக்கவிட்டு நிறுத்தினாள். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவள் சாவியை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போய்த் திரும்பி வரும் வரைக்கும் காத்திருந்தார்கள்.

சித்தப்பாவுக்குக் கண்புரை. ஒரு கண்ணில் வைத்தியம் முடிந்து கட்டுப் போட்டிருந்த நாளில்தான் மாதம் பிறந்தது. முதல் இரவு ஓட்டம். மாஸ்டர் கிடையாது, எல் போர்டு கிடையாது. சித்தி அதைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டாள்.

"நானும் வரேன்" என்றேன்.

"வேண்டாம். தனியா ஒரு தடவை போய்ட்டு வந்தாத்தான் எனக்கே நம்பிக்கை வரும். நீ இருந்தா உனக்குப் பதில் சொல்றதா, ரோட்டைப் பார்க்கிறதா? சித்தப்பாவுக்குத் துணைக்கு இரு."

"சரி" என்றேன். இவ்வளவு சுலபமாக நான் சரி சொல்லி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படவில்லை. அவள் நினைப்பெல்லாம் ரோட்டில் இருந்தது.

சித்தப்பா ஒற்றைக் கண்ணால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பின்கதவு வழியாக ஏறி, விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் புகுந்துகொண்டேன். கிண்டல் பண்ணத்தான், வேறெதற்கும் இல்லை. முதல் ஓட்டத்தில் அவள் என்னென்ன கூத்து அடிக்கிறாள் என்று நேரில் பார்த்தவர் ஒருவராவது ஊரில் இருக்க வேண்டாமா?

மூட்டைகள் சூடாக, மெத்தென்று இருந்தன. ஓட்டுகிறவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அதில் கை அகலத்துக்குக் கம்பி வலை. வலை வழியாக ரோட்டில் கொஞ்சம் தெரிந்தது. வண்டி கிளம்பியது. சந்து, மெயின் ரோடு, தெருவிளக்குகள். சித்தி எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டு போனாள். எனக்குக் கிண்டலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பிறகு இருட்டு ரோடு. ஒரு கார். அவள் விளக்கைத் தாழ்த்தினாள், கார் போனது. ஒரு லாரி. போனது. புல் கட்டுக்காரரைப் பார்த்த இடம் வந்தது. வண்டி அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மெதுவானது. அவளுக்கும் நினைப்பு வந்திருக்கும். அங்கே யாரும் இல்லை. பாலம் வந்தது. பாலத்தின் மேல் இரண்டு பெரிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை இரண்டும் போயின. பாலத்துக்கப்புறம் வண்டி ரொம்பவே மெதுவானது. நத்தைக்கு வழிவிடுகிறாளா என்று கேட்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. சித்தி பின்பக்கமாகத் திருப்பி, துணி இறக்கும் மேடையோடு வண்டியை ஒட்டினாள். ஒரே முயற்சி. சித்தப்பாவே மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடுவார். என்ஜின் நின்றது. துணி அலமாரிச் சாவியோடு காத்திருந்த ஆஸ்பத்திரிப் பெண்மணி, "நேரத்துக்கு வந்துட்டீங்களே, மேலாளர் ரெண்டு தடவை கேட்டுட்டார்" என்று சொல்வது கேட்டது. "இனிமே தினமும் இந்த நேரம்தாங்க" என்றாள் சித்தி. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மூட்டைக்குள் இருந்த எனக்கு மூக்கை என்னவோ செய்தது. துணித் தூசியாக இருக்கும்.

பின்கதவு திறந்தது. அவள் மூட்டைகளைத் தொடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எறங்கு."

நான் மூச்சு விடவில்லை.

"அந்த மூட்டையதாண்டி சொல்றேன். செருப்பு போட்ட மூட்டை."

எழுந்தேன். தலையில் ஒரு தலையணை உறை தொங்கியது.

"பெல்ட் இல்லாம பின்னாடி யாராவது வருவாங்களா? நான் பிரேக் போட்டிருந்தா மண்டை உடைஞ்சிருக்கும். நீ இருக்கேன்னு பாலத்து மேலதான் தெரிஞ்சுது. நிறுத்த இடமில்ல. அதனாலதான் அப்புறம் அவ்வளவு மெதுவா வந்தேன்."

நத்தைக் கேள்வியை நான் விழுங்கினேன். "நான் உன்னைக் கிண்டல் பண்ணத்தான் வந்தேன், தெரிஞ்சுக்க."

"அப்படியா?"

"ஆமா. பின்ன எதுக்காம்? எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எதிர்ல லாரி வரும்போதெல்லாம் தடுப்புத் தகரத்துல டொம்முனு ஒரு சத்தம். நான் பிரேக்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே, பின்னாடி யாரோ பிரேக் போடறாங்க. மூட்டை போடுமா பிரேக்கு?"

"அது... கால் மரத்துப்போச்சு சித்தி. உதறினேன்."

சித்தி ஒரு மூட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"ஒவ்வொரு லாரிக்கும் கரெக்டா மரத்துப்போச்சா?" என்றாள்.